வெள்ளைப் பூ வந்தால் சாப்பிடலாம்

தொண்ணூறுகளின் கடைசியில், கோவை அவிநாசி ரோட்டு மருத்துவமனை ஒன்றில் ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இலவசமாக எலும்பைப் பரிசோதித்தார்கள். இலவசம் என்றால் எனக்கு இல்லாத வியாதியும் ஞாபகம் வந்துவிடும். சூலூரிலிருந்து நங்கையையும் வரச் சொன்னேன். நங்கை என்றால் என் கணவரின் அக்கா. எனக்கு மாதவிலக்கு நின்று ஓரிரு வருடம் ஆகியிருந்தது; அவருக்கு அது மறந்தே போயிருந்தது. அவர் நாற்பது கிலோவுக்குச் சற்று மேல். நான் அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கீழ். கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் உட்கார்ந்தால், "கொஞ்சம் தள்ளிக்க அம்மணி, காத்து வரட்டும்" என்பார்.

குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா என் தாளைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"எலும்பு நல்லா கெட்டியா இருக்குதுங்க. இந்த வயசுல கொஞ்சம் சதைப்பிடிப்பு எலும்புக்கு நல்லதுதானுங்க."

என் எடையை ஒருவர் பாராட்டியது அதுவே முதல் தடவை. நங்கைக்குக் கேட்டிருக்குமோ என்னவோ என்று, "சரியாக் கேக்கலீங்க டாக்டர்" என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். கூடவே, "முழங்கால்தான் பாவம்ங்க" என்றார். அது உண்மையிலேயே என் காதில் விழவில்லை.

நங்கையின் தாளைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. போன ஆடியில் வாசலில் வழுக்கி விழுந்து நங்கையின் மணிக்கட்டு முறிந்ததற்குக் காரணம் ஈரத் தரை மட்டுமல்ல.

"இன்னொருக்கா விழுந்தீங்கன்னா இடுப்பு போயிருமுங்க. மாத்திரை தர்றேன். ஆனா நல்லா சாப்பிட்டு எடை போடோணுங்க. விரதம் ஏதாச்சும் உண்டுங்களா?"

நங்கை தொடங்கினார். கிருத்திகை, சஷ்டி, செவ்வாய், வெள்ளி, அமாவாசை...

"சாப்பிடற நாளைச் சொல்லுங்க, அது சுலுவா இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் நங்கை தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவருடைய பயம் எலும்பைப் பற்றியது அல்ல. கணவர் போன பிறகும் சூலூர் வீட்டில் தனியாக ராஜ்ஜியம் நடத்திவந்தார். கோவையில் பிளாட் வாங்கிய மகனோ, இன்னொரு முறை விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூட்டிப்போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். மூன்றாவது மாடி, ஒரு ஜன்னல், ஒரு மருமகள்.

"விரதத்தை விட்டுப்போடுங்க நங்கை."

"வெளையாடறியா? பையன் பொறக்கோணும்னு முருகங்கிட்ட வேண்டிக்கிட்டது."

"பையன் பொறந்து அவனுக்கு முடியும் கொட்டிப்போச்சுங்களே!"

"அதுக்காக? அவரைக் கேக்காம விடக்கூடாது. பூக் கேட்டரலாம்."

சாமியிடம் சம்மதம் வாங்க எங்கள் பக்கத்து வழி அது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைத்தால், பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை என்றால் சாப்பிடலாம், சிவப்பு என்றால் பட்டினி என்று பேச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை சூலூர்ப் பக்கத்து முருகன் கோயிலுக்குப் போனோம். பொட்டலத்தை நான் கட்டுகிறேன் என்றேன்.

"நீ சும்மா இரு" என்று நங்கை முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

இந்த ஒல்லி மனுஷியைக் கொஞ்சம் பருமனாக்கு என்று வேண்டினேன். இத்தனை சுத்தமான மனதோடு நான் வேண்டியதே இல்லை. பழிவாங்கலும் பாசமும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம்.

பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை அரளி. நங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். பூசாரி கடமை தவறாத மனிதர், மற்றதையும் பிரித்தார். அதிலும் வெள்ளை.

"ஏனுங்க, சிவப்பு எங்கீங்க?"

"கெடைக்கலீங்க" என்றார் நங்கை.

மதில் ஓரமாகச் செவ்வரளி பூத்துக் குலுங்கியது. மூவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றோம்.

நங்கை கருவறையைப் பார்த்துச் சொன்னார்: "வேற என்ன பண்றது சாமி? ஊட்டை உட்டுப்போட்டு நான் எங்க போவேன்?"

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் மூடி நங்கையின் கையில் வைத்தார். பிறகு திருநீறு கொடுத்தார்.

"ரெண்டும் வெள்ளைன்னா, ரொம்ப அழுத்திச் சொல்றாருன்னு அர்த்தமுங்க. போய்ச் சாப்பிடுங்க."

பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் நங்கை வெள்ளிக்கிழமையில் முதல் தடவையாகத் தோசை சாப்பிட்டார். தட்டில் மிச்சமில்லை.

"இன்னொண்ணு சொல்லட்டுங்களா?"

"உனக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தானுங்க."

"அப்ப நெய் ஊத்தச் சொல்லு அம்மணி. பையன் வர்றப்ப நான் தெம்பா வாசல்ல நிக்கோணும்."