அக்கா அணைக்காத சர்வர்

அலுவலகத்தில் எனக்குப் 'பிரசங்கி' என்று பெயர். சர்வர் எப்படி இருக்க வேண்டும், டேட்டாபேஸ் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்காதவனையும் பிடித்துவைத்துச் சொல்வேன். எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா, சரக்கு முன்பதிவுக்காகப் பதினோரு வருடங்களுக்கு முன் எழுதிய புரோகிராமைக் கூட்டத்தில் கிழி கிழியென்று கிழித்தேன். "எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்காங்க!"

அந்த வேலையைப் பன்னிரண்டு குட்டிப் புரோகிராம்களாக, எங்கள் பாஷையில் 'சேவை'களாகப் பிரித்துப் புதிதாக எழுதினேன். படமாக வரைந்தால் கண்ணைப் பறிக்கும். ஓடவிட்டாலோ, அவை ஒன்றோடொன்று பேசி முடிப்பதற்குள் வாடிக்கையாளருக்கு வயதாகிவிடும். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, வருகிற வேலையையெல்லாம் சத்தமில்லாமல் அக்காவின் புரோகிராமுக்கே திருப்பிவிட்டேன். எல்லாம் பறந்தது. கைதட்டல் எனக்கு.

அக்கா ஓய்வுபெறும் நாளும் வந்தது. "உங்க புரோகிராம் ஓடுற அந்தப் பழைய சர்வர உங்க கையாலேயே அணைச்சுடுங்கம்மா" என்றார் மேலாளர்.

அந்த சர்வரிடம் எந்தெந்தப் புரோகிராம் வந்து வேலை கேட்கிறது என்று காட்டும் பதிவை அக்கா திரையில் திறந்தார். என் பன்னிரண்டு சேவைகளின் பெயர்களும் அதில் மாறி மாறி ஓடின. பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன். தினமும் காலையில் அவர் பார்க்கிற பதிவு அது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரையை மூடினார்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் சார். எனக்கு மனசு வரல."

"பெத்த புள்ளையாச்சே!" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

பாவி, நானும் சிரித்தேன்.