மாஸ்டரின் மோவாய்

கடையைத் திறந்ததும் முதல் போணி அவரேதான். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கன்னம் நிறைய நுரை பூசி, தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வார் எங்கள் சலூன் மாஸ்டர். "கடைக்காரனே தாடியோட நின்னா, வர்றவன் எப்படி சார் நம்பிக் கழுத்தை நீட்டுவான்?" என்பார். வாய் ஓயாது, கை பிசகாது. என் தலையில் மிச்சமிருக்கும் முடியை வெட்டும்போதெல்லாம், "தேடுற கூலி தனி சார்" என்று மானத்தை வாங்குவார்.

போன வருஷம் மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்ததே பெரிய விஷயம். வந்த சில மாதங்களில் ஓர் அதிசயம்: மழித்த கன்னம் மறுநாளும் வழவழவென்றே இருந்தது. புது பிளேடின் மகிமை என்று மனிதர் தம்பட்டம் அடித்தார். நானும் அதே பிளேடைக் கேட்டு மழித்துக்கொண்டேன். எனக்கு மறுநாளே முள்.

அவர் மனைவிதான் ஏமாறவில்லை. "வெயில்லயும் போத்திக்கிறாரு. நாலு தலை வெட்டினா சுருண்டு படுத்துடறாரு. என்கூடச் சண்டைகூடப் போடறதில்ல. இது நம்ம ஆளே இல்லைங்க" என்று டாக்டரிடம் இழுத்துப் போனார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. காய்ச்சல் போகிற போக்கில் அதை முடக்கிவிட்டுப் போயிருந்தது. தெம்பு, உடம்புச் சூடு, தாடி எல்லாவற்றுக்கும் உத்தரவு அங்கிருந்துதான் வரவேண்டுமாம். மாத்திரை ஆயுசுக்கும், விட்டால் உயிருக்கே ஆபத்து. தாடிக்குத் தனியாக ஊசி.

மாத்திரையில் தெம்பு வந்தது, கேலியும் வந்தது. தாடி மட்டும் வரவில்லை. "பழைய ஆளா ஆயிட்டேனான்னு இந்தக் கன்னந்தான் சார் எனக்குச் சொல்லணும்" என்பார். தினமும் நுரை பூசி, வெறும் கன்னத்தில் கத்தியை இழுத்துப் பார்ப்பார். சத்தமே வராது. எனக்குப் பாவமாக இருக்கும். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

நேற்று, மோவாயில் கத்தி 'சரக்' என்றது. நான் பேப்பரை இறக்கினேன்.

மாஸ்டர் கத்தியை மடக்கி வைத்தார். நுரையைத் துண்டால் மெல்ல ஒற்றி எடுத்தார். "கடையைக் கொஞ்சம் பாத்துக்கங்க சார், வீடு வரைக்கும் போய் அவகிட்ட காட்டிட்டு வந்துடறேன்" என்றவர், காற்றில் பறந்துவிடும் என்பதுபோல மோவாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கினார்.