எந்த வேலைக்கு எத்தனை பிட்

கொட்டாஞ்சேனையில் நான் விலை போடும் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் துளையிடும் ட்ரில் பிட்டுகள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன. மாதம் முழுவதும் அவற்றுக்கு ஆகும் செலவை எல்லா வேலைகளுக்கும் சமமாகப் பிரித்துப் போடுவது என் வழக்கம். அதனால் அவை எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியவில்லை. துளை போடுகிறவரின் கை சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் காலை, ஸ்டோருக்குப் பொறுப்பான பெண் என் மேசைக்கு வந்தார். முகத்துவாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், அதிகம் கதைக்காதவர். மழுங்கியும் உடைந்தும் திரும்பி வந்த பிட்டுகளை, வேலை இலக்கம் எழுதிய கடித உறைகளில் போட்டு வைத்திருந்தார். ஓர் உறை மட்டும் கிழியும் அளவுக்கு நிறைந்திருந்தது.

"துளை போடுற அண்ணையில பிழை இல்லை சேர். பேலியகொடை மீன் சந்தைக்குச் செய்யிற ஐஸ் மெஷின் தட்டுகள்தான் இவ்வளவையும் தின்னுது. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துளைக்கக் கஷ்டம். மற்ற வேலைகளுக்கு ஒரு பிட் கனநாள் நிக்கும்."

"எப்ப இருந்து இப்பிடிச் சேர்க்கிறீங்கள்?"

"வந்த நாளில இருந்து. ஒருத்தரும் கேக்கேல்லை."

நல்ல லாபம் தருகிறது என்று நான் நம்பியிருந்த வேலை அது. உறைகளை முதலாளியிடம் காட்டினேன். துளை போடுகிறவரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். தட்டுகளுக்குப் புது விலை சொன்னோம். வாடிக்கையாளர் உறைகளைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

யாரும் கேட்காத கேள்விக்கு இவ்வளவு ஒழுங்காகப் பதில் சேர்த்து வைத்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. இப்போது ஸ்டோருக்குப் போய் அவரைக் கேட்காமல் எந்த வேலைக்கும் நான் விலை எழுதுவதில்லை.