நல்ல தண்ணீர் குடித்த கார்

"என்ரை உடம்பிலை உயிர் இருக்குமட்டும் இந்தப் பொனற்றை வேறை ஒருத்தன் திறக்கமாட்டான். திறந்தால் என்ரை பேர் ஏரம்பு இல்லை."

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சுபாஸின் கராஜ் வாசலில், நாலு பேர் கேட்க, ஏரம்பர் செய்த பிரகடனம் இது. காரை நிறுத்தாமல், கண்ணாடியை இறக்கி, போகிற போக்கில் செய்தார். நிறுத்தினால் திரும்ப ஸ்ராட் வருமா என்பதில் அவருக்கே அன்று ஐயம் இருந்தது.

சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஏரம்பருக்குத் தகப்பன் விட்டுப்போன சொத்து ஒரு பழைய ஏ-போட்டி கார். அதன் எஞ்சினை மூடும் பொனற்றின் பூட்டு உடைந்தபோது கட்டுக்கம்பியால் ஒரு முடிச்சுப் போட்டார். இடியப்பம் போலச் சுற்றிக்கிடக்கும் அந்த முடிச்சின் தலை எது, வால் எது என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். களவு போகாமல் காக்கும் முடிச்சு என்று சொல்லிக்கொள்வார். அந்தக் காரைக் களவெடுக்கும் அளவுக்குப் பொறுமையுள்ள கள்வன் தென்மராட்சியில் இன்னும் பிறக்கவில்லை.

எஞ்சின் சூடாகாமல் காப்பது பற்றி அவரிடம் ஒரு முழுச் சாத்திரமே இருந்தது. தண்ணீரின் ஓட்டத்தை அடக்கித் திறக்கும் தேமோஸ்ரற்றை, "வெள்ளைக்காரன் தன்ரை குளிருக்குப் போட்ட மூடி, எங்களுக்கென்னத்துக்கு?" என்று கழற்றிக் கிணற்றடி வாழைக்குள் எறிந்தார். சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கியதும் அதன் வயரை வெட்டிவிட்டார். அதன்பிறகு அந்தக் கார் சூடானதாக எந்தச் சான்றும் இல்லை. விசிறியைச் சுற்றும் பெல்ற் கொடிகாமத்தில் அறுந்தபோது, மனைவி குணலட்சுமி உடுத்திருந்த சேலையின் கரையைக் கிழித்து முறுக்கிப் போட்டு வீடு வந்து சேர்ந்தார். அதைச் சேலையின் பாக்கியம் என்றே இன்றும் கருதுகிறார்.

றேடியேற்றர் ஒழுகினால் முட்டை வெள்ளைக்கரு ஊற்றவேண்டும் என்பது சாத்திரத்தின் அடுத்த அத்தியாயம். ஆனால் அது ஒழுகியது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குள் முட்டை வராது. வீட்டுக்குள் வராதது காருக்குள் போகலாமா? ஆகவே மஞ்சள்தூள் போட்டார். மஞ்சள் போதாமல் போகவே கறித்தூளையும் போட்டார். ஒழுக்கு நின்றது. அடுத்த நாள் கார் போன ஒழுங்கையெல்லாம், "ஆற்றை வீட்டிலையப்பா சரக்குக் கறி?" என்று சனம் விசாரித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் நம்பியது தன் கிணற்றை. சுற்றுவட்டாரமெல்லாம் உவர், அவருடையது மட்டும் நல்ல தண்ணீர். றேடியேற்றருக்கென்று கடையில் விற்கும் பச்சைத் திரவத்தை அவர் சாயத்தண்ணி என்பார். அந்த நல்ல தண்ணீரைத்தான் வருடக்கணக்காகக் காருக்குப் பருக்கினார்.

ஒருநாள் குணலட்சுமி தேத்தண்ணிக்குக் கொதிக்கவைக்கும் கேத்திலைக் கவிழ்த்துவைத்து, உள்ளே கட்டியிருந்த வெள்ளைப் பொருக்கைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"இஞ்சேருங்கோ, கேத்திலுக்கை இவ்வளவு சுண்ணாம்பு கட்டுதெண்டால் உங்கடை காருக்கை எவ்வளவு கட்டும்?"

"கேத்தில் கொதிக்கிறது. என்ரை கார் கொதிக்கிறேல்லை."

"ஓம், முள்ளை வெட்டினால் கேத்திலும் கொதிக்காதுதான்."

"நீர் சும்மா இரும்."

இப்படிக் கேத்திலை வைத்துப் பகிடி விட்ட மனுஷிக்குத்தான் போன மாசியில் மார்பில் ஒரு கட்டி கண்டுபிடித்தார்கள். தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் முதல் மருந்து ஏற்றுவதற்கு ஒரு நாள் குறித்தார்கள். காலமை வெள்ளெனவே நிற்கவேண்டும். ஓட்டோ பிடித்துத்தரட்டோ என்று கேட்ட அயலவரிடம் ஏரம்பர், "சொந்தக் கார் வாசலிலை நிக்க, ஓட்டோவோ?" என்று சிரித்தார்.

கைதடி தாண்டிக் கோப்பாய்ப் பக்கம் திரும்பும்வரை கார் அரசமரியாதையோடு போனது. இரண்டு பக்கமும் உவர்வெளி, நிழலுக்கு ஒரு பற்றைகூட இல்லாத அந்தத் தெருவின் நடுவில், பொனற்றின் இடுக்குகளால் புகை கிளம்பியது. மஞ்சளும் மல்லியும் கலந்த வாசம்.

"இறங்காதையும். இப்ப ஆறிவிடும்," என்றார் ஏரம்பர்.

முடிச்சை அவிழ்த்தார். ஆறவிடுவதற்குப் பொறுமை இல்லை. ஆசுப்பத்திரி மணிக்கூடு தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. துவாயால் பிடித்து றேடியேற்றர் மூடியைத் திருகினார். கொதிநீர் பீறிட்டு அவருடைய வலக்கையை முழங்கைவரை நனைத்தது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் குணலட்சுமி பயந்திருப்பார்.

ஆற்றி, ஊற்றி, உருட்டி, உரும்பிராயில் இன்னொருமுறை ஆற்றி, தெல்லிப்பழை போய்ச் சேர்ந்தபோது அன்றைக்கு மருந்து ஏற்றவேண்டியவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். இடம் இல்லை, அடுத்த கிழமை புதன்கிழமைக்கு வரச்சொன்னார்கள். குணலட்சுமிக்கு மருந்து ஏற்றப் போன இடத்தில், ஏரம்பரின் கைக்கு மருந்து கட்டி அனுப்பினார்கள்.

ஊரில் கேட்டவர்களுக்கு, "திகதி மாறிப்போச்சு," என்று மட்டும் சொன்னார். பொய் இல்லை. மாற்றியவர் யார் என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவர் எதிர்பார்த்தது கேத்தில் பகிடியை. அது வரவில்லை. குணலட்சுமி சமைத்தார், அவருக்குச் சோறு குழைத்துக் கொடுத்தார், கைக்கட்டு நனையாமல் பார்த்தார். கேத்திலைச் சுரண்டும்போதுகூட வாய் திறக்கவில்லை. நடு முற்றத்தில் நின்று புதியதொரு வைத்தியத்தை, முருங்கைப் பிசின் போட்டுப் பார்ப்பதை, ஏரம்பர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் குணலட்சுமி பேசினார்.

"நான் புதன்கிழமை பஸ்ஸிலை போறன். நீங்கள் நிண்டு காரைப் பாருங்கோ."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ஏரம்பரைச் சுட்டது. கொதிநீர் பட்ட இடம் அதற்குப் பக்கத்தில் வராது.

பின்னேரம், ஆட்கள் குறைந்த நேரமாகப் பார்த்து, இடக்கையால் ஸ்ரேறிங்கைப் பிடித்து, இரண்டாம் கியரிலேயே உருட்டிக்கொண்டு சுபாஸின் கராஜுக்குள் காரை விட்டார்.

சுபாஸ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்னண்ணை, வழி மாறி வந்திட்டியளோ?"

ஏரம்பர் காரைவிட்டு இறங்கினார். சுபாஸ் அவருடைய கைக்கட்டைப் பார்த்தான். அடுத்த பகிடியை விழுங்கிக்கொண்டான்.

"புதன் காலமை மனுசியைத் தெல்லிப்பழைக்குக் கொண்டுபோக வேணும்," என்றார் ஏரம்பர்.

"றேடியேற்றரைக் கழட்டித்தான் கழுவவேணும். நாளைக்குப் பின்னேரம் தாறன். அதுக்குள்ளை என்னண்ணை போட்டனியள்?"

"தண்ணி."

"தண்ணி மட்டுமோ?"

"கொஞ்சம் தூளும்."

சுபாஸ் சிரிக்காமல் பொனற்றடிக்குப் போனான். கம்பி முடிச்சை இந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தான், அந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தான். அது இன்னும் இறுகியது. ஏரம்பர் வலக்கையை நீட்டினார். கட்டுக்குள் விரல்கள் மடங்கவில்லை. இடக்கையால் முயன்றார். அந்த முடிச்சு இடக்கைக்குப் போட்டதல்ல.

வாசலால் யாரும் போகிறார்களா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு சுபாஸின் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"உந்தக் கீழ்ச் சுத்தைப் பிடி. ஓம், அதுதான். இடப்பக்கம் தள்ளு... இப்ப மேலை இழு."