துணியில்லாமல் ஓடிய மெஷின்

தாராவியில் நான் இயக்கும் காசநோய் விழிப்புணர்வு நாடகத்துக்கு ஒத்திகை. நோயாளியாக நடித்த மருத்துவ மாணவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலமாக இருமினான்.

எனக்கு அப்பாவின் தையல் மெஷின்தான் கேட்டது. நான் சிறுமியாக இருந்தபோது இதே தாராவியில் எங்கள் வீட்டுக்குத் தகரச் சுவர். அப்பாவுக்கு இருமல் முட்டினால் அம்மா பதறுவாள். "பக்கத்துல கேட்டுரும், மெஷின மிதிங்க. தெரிஞ்சா குழாயடியில நிக்க விடமாட்டாவ." அப்பா வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு மிதிப்பார். எண்ணெய் வாசனை எழும்பும். ஊசிக்கு அடியில் துணி இருக்காது. அவர் இறந்தபோது, "ராப்பகலா உழைச்ச மனுசன்" என்றார்கள் தெருவில்.

"இங்க யாரும் இப்படி இரும மாட்டாங்க தம்பி," என்றேன். "ஒரு தையல் மெஷின் கொண்டுவாங்க."

"துணி, மேடம்?"

"துணி வேண்டாம்."