டேங்க் மூடியில் ஒரு ஓட்டை

எண்ணூர் ரோட்டில் நைனாவின் பழைய பைக் இன்று சூடேறி நின்றுவிட்டது. டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது.

எட்டு வயதில் கேட்ட சத்தம். எங்கள் வூட்டின்மேல் தினமும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டும். அந்த நாசமாப்போன சாம்பல் பெட்ரோலில் விழக்கூடாதென்று அம்மா மூடிமேல் பிளாஸ்டிக் கவரை இறுகக் கட்டிவைத்தாள். காற்று போகாததால் பெட்ரோல் இறங்காமல், எஞ்சின் கொதித்து, வண்டி நடுவழியில் நின்றது.

தள்ளிக்கினு வந்த நைனா கவரைப் பிய்த்து மூடியைத் திறந்தார். 'புஸ்'. அம்மாவை அறைந்தார். "காத்து போற ஓட்டைய அடைச்சிட்டியேடி!"

அம்மா இருமிக்கினே கேட்டாள்: "என் நெஞ்சையே அடைச்சிக்கினு கீறானே சாம்பல்காரன், அவன அறைவியா?"

நைனா மூடியைத் திருகிப் பூட்டினார்.

இன்று அந்த ஓட்டையை ஊக்கால் குத்தினேன். சாம்பல்தான் உதிர்ந்தது. அம்மா மூச்சுமுட்டியே செத்தாள். அந்தச் சாம்பல்காரனை இன்னும் ஒருத்தனும் அறையவில்லை.