ஒரே ஒரு கோடி

போன வாரம் புக்கிட் செலம்பாவ் சந்தையில் மீன் வாங்கினேன். விற்றவள் கோத்தா கோலா மூடாவிலிருந்து கூடையோடு பஸ் ஏறி வரும் மலாய்க்காரி. அவள் மீனைச் சுற்றிக் கொடுத்தது தமிழ்க் காகிதத்தில். எழுத்தெல்லாம் தலைகீழாக இருந்தது; எது மேல், எது கீழ் என்று அவளுக்கு என்ன கவலை? "இது எங்கள் பாஷை" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் காகிதத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தெபால். பாகுஸ்" என்றாள். கெட்டியாக இருக்கிறதாம், நல்லதாம். நான் தமிழின் பெருமையைச் சொன்னதாக நினைத்தேன், அவள் காகிதத்தின் கனத்தைச் சொன்னாள். இந்த நாட்டில் எங்கள் பேச்செல்லாம் இப்படித்தான் போய் முடியும்.

வீட்டுக்கு வந்து மீனை எடுத்துவிட்டுக் காகிதத்தைப் படித்தேன். சென்னையில் அச்சாகும் ஏதோ மாதர் பத்திரிகையின் பக்கம். 'கிழிந்த புடவையா? எறிந்துவிடாதீர்கள்!' என்று தலைப்பு. தலையணை உறை தைக்கலாமாம், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கலாமாம், மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டு விரிப்பு செய்யலாமாம். செலவில்லாமல் சிக்கனமாகக் குடும்பம் நடத்தப் பழைய பொருளை மறுபடி பயன்படுத்த வேண்டுமாம். எழுதிய அம்மணிக்கு என் நமஸ்காரம். கிழிந்த புடவை வைத்திருக்கிறவள் பாக்கியசாலி, அம்மணி. ஜப்பான்காரன் காலத்தில் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், குடியிருந்த எங்களிடம் கேட்டிருந்தால் உங்களுக்கு ஒரு பத்திரிகை முழுக்கச் சொல்லியிருப்போம்.

அடுப்புச் சாம்பலை ஊறவைத்துத் தெளிநீர் எடுத்து, தேங்காயெண்ணெய் கிடைத்தபோது அதில் காய்ச்சி சவுக்காரம் செய்தோம். எண்ணெய் கிடைக்காதபோது சாம்பலே சவுக்காரம். விளக்குக்கு ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைக் கொளுத்தினோம். காலையில் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். நூல் வேண்டுமென்றால் அன்னாசி இலையை அடித்து நார் எடுத்தோம். லாரி டயரை வெட்டிச் செருப்பு. அரிசிச் சாக்கு இருந்ததே, அதில் அரிசி வருவது நின்ற பிறகு நாங்கள் அதற்குள் புகுந்துகொண்டோம். தலைக்கு ஓர் ஓட்டை, கைக்கு இரண்டு. ஆண்பிள்ளைகள் ரப்பர் ஷீட்டை இடுப்பில் சுற்றினார்கள். வெயில் ஏறினால் அது தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள், அம்மணி. அப்போது நாங்களே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம், சிரிப்புக்கு மட்டும் பங்கீடு இல்லாததால்.

நான் கும்பகோணத்துப் பக்கத்தவள். என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்பதால் லயத்தில் எல்லோருக்கும் நான் வாத்தியாரம்மா. ஊரில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையைப் பழந்துணியில்தான் சுற்றுவோம், புதுத்துணி பிஞ்சு உடம்புக்கு ஆகாது. செத்தவருக்குக் கோடி போடுவோம். தண்ணீரில் நனையாத புதுத்துணிக்குத்தான் கோடி என்று பேர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிள்ளைக்குப் பழசும் இல்லை, பிணத்துக்குப் புதுசும் இல்லை. காய்ச்சலிலும் கால் வீக்கத்திலும் சனங்கள் விழ ஆரம்பித்தபோது, என் பெட்டியில் கல்யாணத்துக்கு வந்து இவர் கட்டாமல் வைத்திருந்த வேட்டி ஒன்று கிடந்தது. அதைக் கொடுத்தேன். முதல் பிணத்தைக் குழியில் இறக்கியபோது, குழி வெட்டுகிறவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வேட்டியை மெல்ல உருவி என் கையில் கொடுத்துவிட்டு, வாழை இலையைப் போட்டு மண்ணைத் தள்ளினார். நான் அதைச் சாம்பல் போட்டுத் துவைத்துக் காயவைத்து பிஸ்கட் டின்னில் மடித்து வைத்தேன். அதன்பிறகு லயத்தில் யார் செத்தாலும் அந்த ஒரே வேட்டிதான். வீட்டிலிருந்து குழிவரை மானத்தோடு போகலாம், உள்ளே போகும்போது கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். எத்தனை முறை துவைத்தாலும் நாங்கள் அதைக் கோடி என்றே சொன்னோம்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாவின் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவளுக்கும் கால் வீங்கி, வீக்கம் வயிறுவரை ஏறியது. சாக்கு உரசி உரசி தோளிலும் விலாவிலும் புண். ஒருநாள் கஞ்சி கொண்டு போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாத்தியாரம்மா, நான் போயிட்டா கோடிய உருவிடாதீங்க. என்னோடயே போட்டு மூடிருங்க."

"அட, நீ எங்கடி போகப்போற?"

"செத்த பெறகாச்சும் இந்தச் சாக்கு உறுத்தக் கூடாதுலா. அவ்வளவுதான் கேக்குறேன்."

அந்த வேட்டி அவளோடு போய்விட்டால் அடுத்தவருக்கு என்ன செய்வது? நான் இவரிடம் சொன்னேன். இவர் நிறைய யோசிக்கிறவர் இல்லை, இரக்கம் வந்தால் எழுந்து நடந்துவிடுவார். "இன்னொண்ணு வாங்கிட்டா போச்சு" என்று என் தோட்டை வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். இவருக்குத் தெரிந்தது சந்தை மலாய். தெரியாத வார்த்தைக்குத் தமிழையே நடுவில் செருகிவிடுவார், நாங்கள் எல்லோரும் அப்படித்தான். ஒரு துணி வியாபாரியிடம் போய், "சத்து கோடி சூடா அடா. மாவ் சத்து லாகி" என்றிருக்கிறார். ஒரு கோடி ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று வேண்டும். விற்கிற இடத்தில் சாவுப் பேச்சு வேண்டாமென்று, எதற்காகத் துணி என்பதைச் சொல்லவில்லை. மலாய்க்காரர்களிடமும் கோடி என்ற சொல் உண்டு, அம்மணி. அவர்கள் பாஷையில் ஒரு கோடி என்றால் இருபது துணி. துணி மூட்டைகளை அவர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள். கட்டிக்கொள்ளக் கந்தை இல்லாத ஊரில், ரப்பர் ஷீட்டைச் சுற்றிக்கொண்ட ஒரு மனிதர் தன்னிடம் இருபது துணி இருப்பதாகவும் இன்னும் இருபது வேண்டும் என்றும் பட்டப்பகலில் சொன்னால் எப்படி இருக்கும்? கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் போய், துணி பதுக்குகிறான் என்று ஜப்பான்காரனிடம் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை லாரி வந்தது. ஜப்பான் சிப்பாய்கள், கூடவே பேச்சு மாற்றிச் சொல்ல ஒரு மலாய்ப் போலீஸ்காரன்.

"மானா கோடி?" என்றான் அவன். கோடி எங்கே?

இவருக்கு ஒன்றும் பயமில்லை. திருட்டுச் சாமானா என்ன? டின்னைத் திறந்து வேட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "இனி லா, துவான். சத்து கோடி." இதுதான் ஐயா, ஒரு கோடி.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "சத்து கோடி!" என்று கத்தினான் போலீஸ்காரன்.

"ஆமா துவான், இதுதான், சத்து கோடி" என்றார் இவர். துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். விழுந்து எழுந்து மறுபடி அதையே சொன்னார். அவன் கேட்டதும் இவர் சொன்னதும் ஒரே வார்த்தை. இவர் உண்மையைச் சொல்லச் சொல்ல அடி பலமாக விழுந்தது. பாவி மனுஷா, வேறு ஏதாவது சொல்லேன் என்று நான் வாசலில் நின்று கதறினேன். என்ன சொல்வார்? கடைசியில் போலீஸ்காரன் பத்து விரலையும் விரித்து மூடி, மறுபடி விரித்துக் காட்டினான். "டுவா புலோ! டுவா புலோ!" இருபது, இருபது.

இவர் முகத்தில் ரத்தத்துக்கு நடுவில் ஏதோ தெளிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ, இவங்க கணக்கு வேறடி" என்றார்.

தெளிந்து என்ன பிரயோசனம்? லயம் முழுக்கத் தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். செல்லம்மாவைப் பாயோடு இழுத்துப் போட்டு அடியில் தேடினார்கள். ஒரு நூல்கூட அகப்படவில்லை. அகப்படாததால் கோபம் அதிகமாயிற்று. அந்த வேட்டியை முறுக்கி, அதனாலேயே இவர் கைகளைப் பின்னால் கட்டி லாரியில் ஏற்றினார்கள். பழைய வேட்டிக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு, அம்மணி. உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"என்னாலதானே வாத்தியாரம்மா" என்றாள் செல்லம்மா, மண்ணில் கிடந்தபடியே.

"ஆமாடி, உன்னாலதான்" என்றேன். சொன்னதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. கோபம் வந்தது, சொன்னேன். அவளைத் தூக்கி உள்ளே படுக்கவைத்ததும் நான்தான்.

அவள் அந்த வாரத்துக்குள் போய்விட்டாள். கோடியும் போயிருந்தது. என்னிடம் ஒரே ஒரு புடவை, சாயம் போனது, உடம்பில் இருந்தது. அதில் பாதியைக் கிழித்தேன். சாக்கைக் கழற்றி, புண்ணெல்லாம் மறையும்படி அவளுக்குச் சுற்றினேன். குழியில் இறக்கியதும் குழி வெட்டுகிறவர் பழக்கதோஷத்தில் குனிந்து துணியை உருவக் கையை நீட்டினார். "கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். பாதிப் புடவையோடுதான் அவள் போனாள். மிச்சப் பாதியை இடுப்பில் சுற்றி, அவள் கழற்றிய சாக்கை மேலே மாட்டிக்கொண்டு நான் வீடு திரும்பினேன்.

சுங்கை பட்டாணி லாக்கப்பிலிருந்து விடுபட்ட ஒருவர், இவரைச் சயாம் ரயிலில் ஏற்றியதைப் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான் சேதி. சண்டை முடிந்து சயாமுக்குப் போனவர்கள் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன். இவர் செத்ததைப் பார்த்தவர் இல்லை, உயிரோடு பார்த்தவரும் இல்லை. கழுத்து மஞ்சள் கயிற்றை நான் அவிழ்க்கவில்லை. கப்பல் தபால் மறுபடி ஓட ஆரம்பித்ததும் ஊரில் என் அண்ணனுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

பதிலுக்கு வந்தது ஒரு பார்சல். தபால் கந்தோரில் மலாய்க்காரப் பையன் அதை அமுக்கிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டான். "காயின்" என்றேன், துணி. எத்தனை என்றான். கோடி என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "செஹெலாய்" என்றேன். ஒன்றே ஒன்று. மலாயை மலாயாகப் பேச நான் கொடுத்த விலை அவனுக்கு எங்கே தெரியும்? முத்திரை குத்திக் கொடுத்தான்.

உள்ளே வெள்ளைப் புடவை. தாலி அறுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடி. ஊரில் கூடிப் பேசி, காரியம் செய்து, இவரை மேலுலகத்துக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள். அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன், முறையைச் செய்திருக்கிறான். ஆனால் கும்பகோணத்துப் பக்கம் நான் விதவை. இந்த லயத்தில் என் புருஷன் இன்னும் வந்துசேராதவர், அவ்வளவே. நான் புடவையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய் சாம்பல் தண்ணீரில் முக்கினேன். நனைந்துவிட்டால் அது கோடி இல்லை.

"என்னக்கா இது, புதுச் சீலையப் போயி சாம்பல்ல போடுறீங்க?" என்றாள் தண்ணீர் பிடிக்க வந்த பாக்கியம். அவள் மகளுக்கு அது நிறைமாதம்.

"பழசாக்குறேன். உன் பேரப்பிள்ளைக்குச் சுத்த வேணாமா?" என்றேன்.

எத்தனை அலசியும் தறிக்காரன் போட்ட கஞ்சி போகவில்லை. பிழியப் பிழியத் தண்ணீர் வெள்ளையாக வந்தது. முகர்ந்து பார்த்தேன். அரிசிக் கஞ்சி வாடை, எங்கள் ஊர் அரிசி. அப்படியே சற்று நேரம் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இன்னொரு பிடி சாம்பலை அள்ளிப் போட்டுக் கும்மினேன்.